வான்கடே அரங்கின் வாயில்கள்: பம்பாய்க் கிரிக்கெட்டில் நுழைவுரிமையின் வரலாறு

2025 ஆகஸ்டில் மும்பை கிரிக்கெட் சங்கம் வான்கடே அரங்க வளாகத்தில் ஓர் அருங்காட்சியகத்தைத் திறந்தது. அதன் முகப்பில் சுனில் கவாஸ்கருக்கும் சரத் பவாருக்கும் சிலைகள் வைக்கப்பட்டன. அரங்கினுள் சச்சின் டெண்டுல்கரின் சிலை 2023 நவம்பர் முதல் நிற்கிறது. 2025 மே மாதத்தில் ரோஹித் சர்மா, அஜித் வாடேகர், சரத் பவார் ஆகியோரின் பெயர்கள் மாடங்களுக்குச் சூட்டப்பட்டன. இவற்றையொட்டி நகரத்து ரசிகர்களிடையே எழுந்த பேச்சு பெரும்பாலும் ஒரே திசையில் சென்றது: யாருக்குச் சிலை, யாருக்கு இல்லை, ஓர் அரசியல்வாதியின் பெயர் ஆட்டக்காரரின் பெயருக்கு அருகே இருக்கலாமா கூடாதா. நியாயமான கேள்விகள்தாம். ஆயினும் வரலாற்று மாணவர் ஒருவர் அந்த முகப்பின் முன் நின்றால் வேறொரு கேள்வியும் எழவேண்டும் என்று கருதுகிறேன். இந்த வாயில் வழியாக யார், எந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே போகிறார்கள்? பம்பாயின் ஒவ்வொரு கிரிக்கெட் மைதானமும் இக்கேள்விக்கு ஒரு விடையாகவே கட்டப்பட்டது என்பது இப்பதிவின் வாதம்.

தொடக்கத்தில் வாயிலே இல்லை. கோட்டைக்கு வெளியே பரந்து கிடந்த எஸ்பிளனேடு வெளியில் பார்சி இளைஞர்களும் இந்து இளைஞர்களும் ஆடினார்கள். அதே வெளியில் ஐரோப்பியர் குதிரைகளை ஓட்டிப் போலோ ஆடினார்கள். 1875இல் நிறுவப்பட்ட பம்பாய் ஜிம்கானா தனக்கென ஓர் இடத்தை ஏற்கெனவே வளைத்துக்கொண்டிருந்தது. குளம்புகள் குதறிய தரையில் பந்து நேராக எழும்பாது. போலோவை வேறிடத்துக்கு மாற்றுமாறு உள்நாட்டு ஆட்டக்காரர்கள் அரசுக்கு மனு மேல் மனு எழுதினர். இந்தப் போராட்டத்தின் கதையை ஷாபூர்ஜி சொராப்ஜி என்ற பார்சி 1897இல் நூலாகவே வெளியிட்டார். இந்தியக் கிரிக்கெட்டைப் பற்றி இந்தியர் எழுதிய தொடக்ககால நூல்களுள் ஒன்று ஓட்டக் கணக்கைப் பற்றியதாக மட்டும் இல்லாமல் இடவுரிமையைப் பற்றியதாகவும் இருப்பது கவனத்துக்குரியது. அம்மனுக்களின் தொலைவிளைவாகவே இன்று மரைன் டிரைவ் ஓரம் வரிசையாக நிற்கும் பார்சி, இஸ்லாம், இந்து ஜிம்கானாக்களுக்கு நிலம் கிடைத்தது. சமூகத்துக்கு ஒரு மைதானம். மைதானத்துக்கு ஒரு வாயில்.

அந்த வாயிலுக்குள்ளும் ஒரு வாயில் இருந்தது. பல்வங்கர் பாலு தம் காலத்தின் தலைசிறந்த இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர். சமார் சாதியில் பிறந்த அவர் பூனாவில் இந்து அணிக்காக விக்கெட்டுகளை வீழ்த்தியபோதும், இடைவேளையில் அவருக்குத் தேநீர் மண்குவளையில், பெவிலியனுக்கு வெளியேதான் தரப்பட்டது. ஆடுகளத்தின் எல்லைக்கோட்டைத் தாண்ட அனுமதி உண்டு; பெவிலியனின் படியைத் தாண்ட அனுமதி இல்லை. பின்னாளில் பம்பாயில் நிலைமை மெல்ல இளகியது. 1923இல் அவருடைய தம்பி விட்டல் இந்து அணிக்குத் தலைமை தாங்கினார். இன்றைய வான்கடே மாடங்களின் பெயர்ப்பட்டியலில் பாலுவின் பெயர் இல்லை. பெயர் சூட்டல் பற்றி இவ்வளவு பேசும் ரசிகர்கள் இதைப் பேசுவது அரிது.

1933 டிசம்பர் 15 அன்று இந்திய மண்ணின் முதல் டெஸ்ட் ஆட்டம் பம்பாய் ஜிம்கானாவில் தொடங்கியது. டக்ளஸ் ஜார்டின் தலைமையில் இங்கிலாந்து, சி.கே. நாயுடு தலைமையில் இந்தியா. லாலா அமர்நாத் 118 ஓட்டங்கள் எடுத்து இந்தியாவின் முதல் டெஸ்ட் சதத்தைப் பதிந்ததும் அங்குதான். அந்த ஜிம்கானாவில் இந்தியர் உறுப்பினராக முடியாது. ஆகவே கூட்டத்துக்காகப் பந்தல்களும் தற்காலிக மாடங்களும் எழுந்தன. ஆட்டம் முடிந்ததும் அவை பிரிக்கப்பட்டன. தேசத்தின் முதல் டெஸ்டைத் தேசத்தார் தற்காலிகமாகவே பார்த்தார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது.

அதே ஆண்டு உருவான கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியா இந்தக் குறையைத் தீர்க்கும் நோக்கோடுதான் பேக்பே மீட்பு நிலத்தில் ஓர் அரங்கை எழுப்பியது. அந்தோணி டிமெல்லோவின் ஊக்கத்தால், ஆளுநர் பிரபோர்ன் பிரபுவின் பெயரில், 1936இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1937 டிசம்பரில் அது திறக்கப்பட்டது. இந்தியர் உரிமையோடு நுழையும் அரங்கு. ஆனால் அது ஒரு கிளப்பின் சொத்து. ஆட்டக்காரர்கள் உறுப்பினர்களின் நாற்காலிகளுக்கிடையே படியிறங்கிக் களத்துக்குச் செல்லும் அந்தப் பெவிலியன் பேரழகு கொண்டது. இனத்தின் பெயரால் இருந்த கதவு சந்தாவின் பெயரால் இருக்கும் கதவாக மாறியதன் சாட்சியும் அதுவே. எதிர்ப்புறம் மலிவான மாடங்களில் உட்கார்ந்தவர்களின் குரல் அரங்கின் வரலாற்றில் சினமாகவே பதிவானது. 1969 நவம்பரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்டில் நம் வெங்கட்ராகவன் ஆட்டமிழந்ததாக நடுவர் கைகாட்டியபோது, அது தவறு என்று வானொலி வர்ணனையிலேயே ஒலிக்க, கூட்டம் கொதித்து மாடங்களில் தீ வைத்தது. இதை ஒழுங்கின்மை என்று எழுதிக் கடந்துவிடுவது எளிது. வானொலிப் பெட்டியைக் காதில் வைத்துக்கொண்டு ஆட்டத்தைப் பார்த்த ஒரு தலைமுறை, தான் காண்பதையும் கேட்பதையும் ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லத் தொடங்கியதன் அடையாளமாகவும் அதை வாசிக்கலாம்.

வான்கடே பிறந்தது ஒரு சீட்டுச் சண்டையில். பிரபோர்னில் ஆட்டத்தை நடத்துவது பம்பாய் கிரிக்கெட் சங்கம், இடம் கிளப்பினுடையது, இருக்கைகளில் யாருக்கு எத்தனை என்பதில் இரண்டுக்கும் ஓயாத பூசல். சங்கத்தின் தலைவர் சேஷராவ் வான்கடே மகாராஷ்டிரச் சட்டப்பேரவையின் தலைவருமாவார். சட்டமன்ற உறுப்பினர்கள் ஒரு காட்சிப் போட்டிக்காக மைதானத்தைக் கேட்டதாகவும், கிளப்பின் தலைவராயிருந்த விஜய் மெர்ச்சன்ட் மறுத்ததாகவும், அந்த அவமதிப்பே புதிய அரங்குக்கு வித்திட்டதாகவும் ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. தனிமனித ரோஷத்தை வரலாற்றுக் காரணமாக்குவது சுவையானது. அடியில் இருந்ததோ இருக்கை ஒதுக்கீடுதான். 1973 பிப்ரவரிக்குப் பின் பிரபோர்னில் 2009 டிசம்பர் வரை டெஸ்ட் ஆட்டமே நடக்கவில்லை. அங்கிருந்து பத்து நிமிட நடைத் தொலைவில், கட்டடக் கலைஞர் சசி பிரபுவின் வடிவமைப்பில், ஏறத்தாழ ஓராண்டிலேயே புதிய அரங்கு எழுந்து நின்றது.

அவசரத்தில் கட்டப்பட்டதன் தழும்புகள் அதன் வாயில்களில் தெரிந்தன. கிழக்கே மேற்கு ரயில்வேயின் தண்டவாளங்கள். மேற்கே மரைன் டிரைவ் நோக்கிச் செல்லும் குடியிருப்புத் தெருக்கள். விரிய இடமில்லாத மனையில் சுமார் 45,000 பேருக்கான மாடங்கள். 1975 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகளுடன் நடந்த முதல் டெஸ்டில் கிளைவ் லாயிட் 242 ஓட்டங்கள் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். இரட்டைச் சதத்தின்போது அவரைப் பாராட்ட ஓர் இளைஞர் களத்துக்குள் ஓடினார், காவலர்கள் அவரை அடித்தனர், கூட்டம் பொங்கியது, ஆட்டம் தடைப்பட்டது. கிளப்பின் ஆதிக்கத்திலிருந்து மக்களை விடுவித்த அரங்கு என்ற பெருமையோடு திறந்த இடத்தின் முதல் டெஸ்டிலேயே, களத்துக்கும் மாடத்துக்கும் இடையிலான எல்லையைத் தடிகொண்டு வரையவேண்டியிருந்தது.

இங்கே வடக்கு நோக்கிச் சற்றுப் பயணிக்க வேண்டும். வான்கடேவின் மெய்யான நுழைவாயில் சர்ச்கேட்டில் இல்லை. அது மாட்டுங்காவிலும் சிவாஜி பூங்காவிலும் ஆசாத் மைதானத்திலும் இருக்கிறது என்பது என் துணிபு. மும்பை கிரிக்கெட் சங்கம் முந்நூற்றுக்கும் மேற்பட்ட கிளப்புகளின் கூட்டமைப்பு. பெரிய ஆட்டங்களின் சீட்டுகளில் கணிசமான பங்கு அந்தக் கிளப்புகள் வழியாகவே கைமாறுகிறது. 1948இல் தொடங்கிய காங்கா லீக்கில் மழைக்காலச் சேற்றில் ஆடும் கிளப்பில் உங்கள் மாமாவோ பக்கத்து வீட்டுக்காரரோ செயற்குழுவில் இருந்தால், டெஸ்டுக்குச் சீட்டு வீட்டுக்கே வரும். இல்லையென்றால் வரிசையில் நிற்க வேண்டும். இன்றென்றால், சுழன்றுகொண்டேயிருக்கும் இணையப் பக்கத்தின் முன் உட்கார வேண்டும்.

மாட்டுங்காவின் தமிழர்கள் இந்த வலைப்பின்னலுக்குள் வெகுகாலமாக இருப்பவர்கள். 1932இல் தொடங்கிய தென்னிந்தியக் கல்விக் கழகம், கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றிய உணவகங்கள், கோயில்கள், பஜனை சமாஜங்கள் ஆகியவற்றோடு மைதானங்களும் அந்தப் பேட்டையின் அடையாளம். கவாஸ்கரும் வெங்சர்க்காரும் ஆடிய தாதர் யூனியன் கிளப்பின் ஆட்டக்களம் பெயரில்தான் தாதர். உண்மையில் மாட்டுங்காவின் தட்கர் மைதானம். ரவி சாஸ்திரி படித்த டான் போஸ்கோ பள்ளியும் அங்கேதான். செம்பூரில் பிறந்த ஷ்ரேயஸ் ஐயரும் அதே பள்ளியிலிருந்து போதார் கல்லூரி வழியாக மும்பை அணிக்குச் சென்றவர். குமாஸ்தா வேலைக்கு வந்து கீழ்த்தட்டு நடுத்தர வர்க்கமாக வேரூன்றிய ஒரு சமூகத்துக்குப் பள்ளி, கல்லூரி, கிளப் என்ற படிக்கட்டு அரங்கின் வாயிலில் போய் முடிந்தது. ஐந்து நாள் டெஸ்டுக்குத் தயிர்சாதத் தூக்கோடு போவது ஒரு குடும்ப வழக்கமாகவே அமைய முடிந்தது.

மாட்டுங்காவிலிருந்து தாராவி கூப்பிடு தூரம். நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கும் துறைமுகக் கூலிக்கும் மில் வேலைக்கும் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே சந்துகளில் டென்னிஸ் பந்தால் ஆடுகிறார்கள். ரயிலைக் கேட்டால் தாராவிக்கே அனுகூலம்: மாகிம் நிலையத்தில் ஏறினால் நேராகச் சர்ச்கேட். செம்பூர்க்காரர் துறைமுக வழித்தடத்தில் சி.எஸ்.எம்.டி. வந்து, ஆசாத் மைதானத்தைக் கடந்து நடக்க வேண்டும். ஆனால் நிலவியல் கொடுத்ததைக் கிளப் வழி ஒதுக்கீடு எடுத்துக்கொள்கிறது. இந்நகரின் தமிழர் வரலாற்றை எழுதுவோர் மாட்டுங்காவையும் தாராவியையும் சாதி, தொழில், குடியிருப்பு ஆகியவற்றின் எதிர்முனைகளாகக் காட்டுவது வழக்கம். சீட்டு கிடைக்கும் வழியையும் அந்த அட்டவணையில் சேர்க்கலாம்.

2011 உலகக் கோப்பைக்காக நடந்த புதுப்பிப்பு இந்தப் பின்னணியில் பார்க்கப்பட வேண்டியது. வடக்கு, தெற்கு முனைகள் இடித்துக் கட்டப்பட்டன. சிமெண்டுப் படிகள் போய்த் தனித்தனி நாற்காலிகள் வந்தன. வெண்ணிறக் கூரை தூண் மறைக்காமல் தொங்கியது. முன்பு வெயிலில் வெந்தவர்களுக்கு நிழல் கிடைத்தது, கழிப்பறைகள் மேம்பட்டன, எந்த இருக்கையிலிருந்தும் களம் முழுதாகத் தெரிந்தது. இவற்றைக் குறைத்து மதிப்பிடும் ஏக்கவாதத்தில் எனக்கு உடன்பாடில்லை. பழைய வான்கடே அசௌகரியமானது. பெண்களுக்கு மிகவும் அசௌகரியமானது. ஆனால் கொள்ளளவு சுமார் 33,000ஆகச் சுருங்கியது. விருந்தோம்பல் அறைகள் பெருகின. ஏப்ரல் 2 இறுதியாட்டத்துக்குப் பொதுமக்களுக்கென ஏறத்தாழ 4,000 சீட்டுகளே எஞ்சின. மற்றவை கிளப்புகளுக்கும் உலகக் கிரிக்கெட் அமைப்புக்கும் விளம்பரதாரர்க்கும் சென்றன. 1973இல் எந்தக் கணக்கைச் சொல்லிப் பிரபோர்னை விட்டு வெளியேறினார்களோ, அந்தக் கணக்கு புதிய கூரையின் கீழ் மீண்டும் எழுதப்பட்டது.

வாயில்களுக்கு வினூ மன்கட், பாலி உம்ரிகர் என்ற பெயர்கள் உள்ளன. மட்டையாளர்களுக்கு மாடம், ஆல்ரவுண்டர்களுக்கு வாசல் என்று பங்கிட்டதுபோல் தோன்றும். நகைமுரண் நோக்கமற்றதாகவே இருக்கலாம்.

நுழைவாயிலை ஒரு கலைப்பொருளாகக் கட்டும் ஆசைக்கு உலகின் பிற பகுதிகளிலும் சான்றுகள் உண்டு. நியூயார்க்கின் புரூக்ளினில் 1913இல் திறந்த எபெட்ஸ் ஃபீல்டு என்ற பேஸ்பால் அரங்கின் முகப்பு ஒரு வட்ட மண்டபம். சலவைக்கல் தரை, மேலே பேஸ்பால் மட்டைகளும் பந்துகளும் கோத்ததுபோன்ற சரவிளக்கு. சீட்டு விற்கும் சாளரங்களையும் சுழல்கதவுகளையும் அந்த மண்டபத்துக்குள்ளேயே வைத்ததால் கூட்டம் அங்கேயே முட்டி நின்றது. அழகுக்காக நெரிசல் கட்டப்பட்டது. அந்த அரங்கில்தான் 1947இல் ஜாக்கி ராபின்சன் களமிறங்கி, பெரிய லீக்குகளின் நிறத்தடையை உடைத்தார். 1960இல் அதை இடித்துவிட்டார்கள். 2009இல் குவீன்ஸில் திறந்த சிட்டி ஃபீல்டு அரங்கின் முகப்பு அதே வட்ட மண்டபத்தின் சாயலில் எழுப்பப்பட்டு ராபின்சனின் பெயர் சூட்டப்பட்டது. தடுக்கப்பட்டவரின் பெயரை வாசலிலேயே எழுதும் அந்தச் செயலில் வணிகமும் குற்றவுணர்வும் கலந்திருக்கலாம். பாலுவை நினைக்கும்போது அந்த மண்டபம் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

சென்னை வாசகர்களுக்குச் சேப்பாக்கத்தின் அனுபவம் தெரிந்ததே. அதே 2011 உலகக் கோப்பைக்காகக் கட்டிய ஐ, ஜே, கே மாடங்கள், அருகிலிருந்த மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் கட்டடத்துக்கும் அவற்றுக்கும் போதிய இடைவெளி இல்லை என்பதால் பூட்டி வைக்கப்பட்டு, ஆண்டுக்கணக்கில் தொலைக்காட்சியில் வெற்று நாற்காலிகளாகத் தெரிந்தன. அது ஆட்டத்தைப் பார்ப்பது பற்றிய சிக்கலே இல்லை. ஆபத்தில் வெளியேறுவது பற்றியது. ரசிகர்கள் அதைச் சிவப்பு நாடாவின் கொடுமையாகவே பேசினர். நானும் அப்படித்தான் கேட்டு வளர்ந்தேன். வெளியேறும் வழியை ஒருவர் அளந்து பார்த்துப் பூட்டியது நம் அரங்க வரலாற்றில் அரிய நிகழ்வு என்பது பெங்களூருக்குப் பின்தான் உறைக்கிறது.

2024 ஜூலை 4 அன்று, இருபது ஓவர் உலகக் கோப்பையை வென்ற அணி மரைன் டிரைவில் ஊர்வலமாக வந்தது. வான்கடே அரங்கில் அன்று கட்டணமில்லை. முதலில் வருபவர்க்கு இடம். மழையில் நனைந்தபடி மதியம் முதலே வாயில்களில் திரள் சேர்ந்தது. கிளப் சீட்டு என்ற வடிகட்டி இல்லாமல் இந்நகரம் தன் அரங்குக்குள் நுழைந்த அபூர்வ நாள் அது. மாடங்கள் நிரம்பின; வாயில்கள் மூடின; கடற்கரைச் சாலையில் கடலும் தலைகளும் ஒன்றாயின. நெரிசலில் சிலர் காயமடைந்தனர். உயிர்ச்சேதம் இன்றி முடிந்ததில் காவல்துறையின் உழைப்புக்குப் பங்குண்டு. கடற்கரைச் சாலையின் அகலத்துக்கும் பங்குண்டு.

சரியாகப் பதினோரு மாதங்கள் கழித்து, 2025 ஜூன் 4 அன்று, பெங்களூர் சின்னசாமி அரங்கின் வாயில்களுக்கு வெளியே பதினொருவர் நெரிசலில் இறந்தனர். அங்கும் ஒரு வெற்றி விழா. அங்கும் இலவச நுழைவு பற்றிய செய்தி. அதை விசாரித்த நீதிபதி ஜான் மைக்கேல் டி'குன்ஹா ஆணையம், அந்த அரங்கின் வாயில்கள் நேராக நடைபாதையிலேயே திறக்கின்றன என்பதையும், திரள் நின்று ஒழுங்குபட இடமில்லை என்பதையும் குறையாகச் சுட்டியது. வான்கடேவின் சுற்றுப்புறத்தை அறிந்தவர்கள் அந்த வாக்கியத்தை இருமுறை படித்திருப்பார்கள். தண்டவாளத்துக்கும் தெருவுக்கும் இடையே நெருக்கப்பட்ட ஓர் அரங்கின் முகப்பில் எது வைக்கப்பட்டாலும், அது சிலையாயினும் கடையாயினும், அங்கே நிற்கக்கூடிய மனிதர்களின் இடத்திலிருந்துதான் கழிக்கப்படுகிறது. முகப்பைப் பற்றிய விவாதம் அழகியலாகவும் அரசியலாகவும் மட்டுமே நடப்பது ஏன் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. புதுப்பிப்பு வரைபடங்கள் பொதுப்பார்வைக்கு வைக்கப்பட வேண்டும்; ஒவ்வொரு வாயிலிலும் நிமிடத்துக்கு எத்தனை பேர் வெளியேற முடியும் என்ற கணக்கு அதில் இருக்க வேண்டும்; சீட்டுப் பங்கீட்டு விவரமும் உடன் வெளியிடப்பட வேண்டும். கடைசியது பாதுகாப்புக்குத் தொடர்பற்றதுபோல் தோன்றலாம். ஆனால் உரிய வழியில் உள்ளே போக வாய்ப்பே இல்லாதவர்கள்தாம் கதவு திறக்கும் ஒரு நாளில் முண்டியடிக்கிறார்கள்.

இதற்கிடையே வேறு வாயில்கள் வேறுவிதமாகத் திறந்ததையும் பதிவுசெய்ய வேண்டும். 2023 மார்ச்சில் மகளிர் பிரீமியர் லீக்கின் முதல் ஆண்டு ஆட்டங்கள் நவி மும்பை டி.ஒய். பாட்டீல் அரங்கிலும் பழைய பிரபோர்னிலும் நடந்தன. செம்பூர்வாசிகளுக்கு நெருல் போகும் ரயில், சி.எஸ்.எம்.டி.க்குப் போகும் அதே துறைமுக வழித்தடத்தில் எதிர்த்திசையில் செல்வது. பெரிய ஆட்டம் என்றாலே தெற்கு நோக்கிப் பயணம் என்ற பழக்கம் அவர்களுக்கு மெல்ல மாறிவருகிறது. அந்தப் பருவத்தில் பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் எல்லா ஆட்டங்களிலும் நுழைவு இலவசம். உறுப்பினர்களுக்காகவே கட்டப்பட்ட பிரபோர்னின் வாயில்களில் சந்தாவும் சிபாரிசும் இன்றிப் பள்ளிச் சிறுமிகள் கூட்டம் கூட்டமாக நுழைந்தனர். அந்தப் பருவத்தில் உ.பி. வாரியர்ஸ் அணிக்காக ஆடியவர்களுள் ஒருவர் சிம்ரன் ஷேக். தாராவியைச் சேர்ந்தவர்.